ஒரு ஸ்டூல் ஓய்வறை ஆனது

காஞ்சிபுரத்துக்குக் கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்களுக்கு, புடவைக்கு ஜாக்கெட் என்று ஒன்று வேண்டும் என்பது பில் போடும் இடத்தில்தான் ஞாபகம் வரும். கல்யாண ஜாக்கெட் என்றால் இப்போது சும்மா தைத்துக் கொடுத்தால் ஆகாது. முதுகிலும் கையிலும் ஆரி ஊசியால் மயில், யானை, பல்லக்கு எல்லாம் போட வேண்டும். சிலர் மாப்பிள்ளையின் முகத்தையே கையில் போடச் சொல்லிக் கேட்பார்கள். அந்தக் கடைசி நேர ஞாபகத்தை நம்பித்தான் என் அண்ணி கடை நடத்துகிறார்.

கடை என்றால் பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டின் முன்னறை. நடுவில் துணியை இழுத்துக் கட்டும் மரச்சட்டம். அதைச் சுற்றி உட்கார்ந்து வாலாஜாபாத்திலிருந்து பஸ்ஸில் வரும் இரண்டு பெண்கள் ஊசி போடுவார்கள். அண்ணி வெட்டுவார், தைப்பார், வந்தவர்களைச் சமாளிப்பார். முன்னறைக்குப் பின்னால் ஹால், அதற்குப் பின்னால் அண்ணனும் அண்ணியும் படுக்கும் அறை. மாடியில் ஒற்றை அறை. அண்ணன் மகன் படிக்கச் சென்னைக்குப் போய்விட்டதால் அதில்தான் நான் இருக்கிறேன்.

மாடிக்கு நான் வந்து சேர்ந்ததற்குக் காரணம் ஏஐ. சென்னையில் ஒரு விளம்பர நிறுவனத்தில் நீளக் கட்டுரைகள் எழுதிக்கொண்டிருந்தேன். மெத்தை, தண்ணீர் வடிகட்டி, முடி எண்ணெய், நாய் பிஸ்கட், எதைக் கொடுத்தாலும் பக்கம் பக்கமாக எழுதுவேன். அவற்றை மனிதர்கள் யாரும் முழுதாகப் படிப்பதில்லை, தேடுபொறி மட்டும்தான் படிக்கும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். முதலில் எங்களை ஏஐயின் துணையோடு எழுதச் சொன்னார்கள். பிறகு, அது எழுதியதை நாங்கள் திருத்தினால் போதும் என்றார்கள். அப்புறம், திருத்துவதையும் அதுவே நன்றாகச் செய்கிறது என்று கண்டுபிடித்தார்கள். வேலையும் வாடகை வீடும் சேர்ந்தாற்போலப் போயின. நான் துணிமணிகளோடு காஞ்சிபுரம் பஸ் ஏறிவிட்டேன்.

வந்த கொஞ்ச நாளில் அண்ணியின் கடைக்கு வெப்சைட் போட்டுத் தந்த தம்பி வந்தார். சட்டைப் பையில் இரண்டு போன் வைத்திருப்பார், இரண்டுமே அடித்துக்கொண்டே இருக்கும்.

"அக்கா, பேஜ் மேல வரணும்னா லாங் கன்டென்ட் வேணும்கா. ஆரி பிளவுஸ் பத்தி மூவாயிரம் வார்த்தையாவது இருக்கணும்" என்றார்.

அண்ணி கத்தரியைக் கீழே வைத்தார். "ஒரு ஜாக்கெட்டுக்கா? புடவையே அவ்ளோ நீளம் கெடையாதேப்பா."

"போட்டிக் கடைங்க எல்லாம் போட்டுக்கினு இருக்காங்கக்கா."

போட்டிக் கடை என்ற சொல்லுக்கு எங்கள் தெருவில் தனி மரியாதை உண்டு. அண்ணி உடனே மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "பாப்பா, நீ சும்மாதானே இருக்குற? கீழ வா."

நான் லேப்டாப்போடு இறங்கினேன். எந்த ஏஐ என் வேலையை எடுத்துக்கொண்டதோ அதையே கூப்பிட்டு, எங்கள் கடையைப் பற்றி நாலு விவரம் சொல்லி, கட்டுரை ஒன்று கேட்டேன். தலைப்புகள், உபதலைப்புகள், கேள்வி பதில்கள் எல்லாவற்றோடும் நான் ஒரு வாய் டீ குடிப்பதற்குள் தந்துவிட்டது. சென்னையில் இந்த வேகத்தைப் பார்த்தால் எனக்கு அடுத்த மாச வாடகை ஞாபகம் வரும். இங்கே ஒரு மாதிரி நிம்மதியாக இருந்தது.

அண்ணிக்குப் படிக்க நேரம் கிடையாது. அவர் துணி வெட்டிக்கொண்டே கேட்பார், நான் சத்தமாகப் படிப்பேன் என்று ஏற்பாடு. முதல் வரியைப் படித்தேன்.

"இது வெறும் ரவிக்கை அல்ல, இது ஓர் உணர்வு."

"உணர்வுன்னா அளவு எங்க எடுக்கறது?" என்றார் அண்ணி. ஊசி போட்டுக்கொண்டிருந்த பெண்கள் குனிந்தபடி சிரித்தார்கள்.

"மூன்று தலைமுறைகளாகக் கைமாறி வந்த ஊசி நுட்பம், இன்று உங்கள் மணநாளை அலங்கரிக்கக் காத்திருக்கிறது."

"யாரோட மூணு தலைமுறை?"

"நம்மளுதுதான் அண்ணி."

"நான் லாக்டவுன்ல யூடியூப் பாத்துக் கத்துக்கினேன். அதைப் போடு. எங்க ஆயா காலத்துல நம்ம ஆளுங்க ஜாக்கெட்டே போட்டது கெடையாது. போடவும் விடல. இதுல மூணு தலைமுறையா தைச்சோமாம்."

நான் அதை எடுத்துவிட்டு, உரிமையாளர் சமீபத்தில்தான் கற்றுக்கொண்டார் என்று ஏஐயிடம் சொன்னேன். அது உடனே மன்னிப்புக் கேட்டது. "நீங்கள் சுட்டிக்காட்டியது மிகவும் சரி. தவறுக்கு வருந்துகிறேன். இதோ திருத்திய வடிவம்" என்றது. திருத்திய வடிவத்தில் மூன்று தலைமுறைகள் போய், 'பெருந்தொற்றின் இருளில் ஊசி முனையில் ஒளியைக் கண்டெடுத்த ஒரு பெண்' வந்திருந்தாள்.

அண்ணி கவனித்தது அதை அல்ல. "இன்னா சொல்லிச்சு, மொதல்ல?"

"தப்புக்கு வருந்துறேன்னு."

"உங்கண்ணன் இத்தன வருசத்துல ஒரு வாட்டி சொன்னதில்ல" என்றார். அதன் பிறகு அந்தக் கருவிமேல் அவருக்கு ஒரு பிரியம் வந்துவிட்டது. அது ஒவ்வொரு முறை தப்பு செய்யும்போதும் மன்னிப்பு வாசகத்தை என்னை முழுதாகப் படிக்கச் சொல்லிக் கேட்பார். வேண்டுமென்றே ஒன்றிரண்டு இடத்தில் தப்பு கண்டுபிடித்தார் என்றும் எனக்குச் சந்தேகம் உண்டு.

அடுத்து சாமி வந்தது. எங்கள் கடையின் ஒவ்வொரு ஊசியும் காமாட்சி அம்மன் பாதத்தில் வைத்துப் பூஜிக்கப்படுவதாக அது எழுதியிருந்தது. நாங்கள் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர்கள். அண்ணி கொஞ்சம் யோசித்தார். "எடுத்துடு" என்றார். உடனே, "இரு இரு, வர்றவங்க எல்லாம் அம்மனக் கும்பிடறவங்க. பூஜைய எடுத்துடு. கோயிலு பக்கத்துல கடைன்னு போடு. அது உண்மைதானே. நடந்து போற தூரம்" என்றார். கோயில் புவியியலாக மட்டும் கட்டுரையில் தங்கியது.

ஒரு நாளில் தைத்துத் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்திருந்தது, எடுத்தோம். ஆயுள் முழுக்க இலவசமாகப் பிரித்துத் தைத்துத் தருகிறோம் என்று கொடுத்திருந்தது, அண்ணி மேசையில் கத்தரியைத் தட்டி எடுக்கச் சொன்னார். "கல்யாணத்துக்கு அப்புறம் எல்லாம் ரெண்டு சுத்து பெருக்கும்பா. நான் எங்க போறது?" ஒன்றை எடுத்தால் அந்தக் காலி இடத்தில் இன்னொன்று முளைத்தது. மத்தியான நேரங்களில் இதுவே எங்களுக்கு ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. ஊசி போடும் பெண்களே, "அக்கா, இன்னிக்கு படிக்கலையா?" என்று கேட்பார்கள்.

அப்படி ஒரு நாள் அது எங்களையே ஒரு கேள்வி கேட்டது. வாடிக்கையாளருடன் வருபவர்களுக்கு என்ன வசதிகள் உண்டு?

அண்ணி வாசலைப் பார்த்தார். தகரக் கொட்டகைக்குக் கீழே ஒரு நீல பிளாஸ்டிக் ஸ்டூல் கிடந்தது. அதன் அடியில் தெருநாய் ஒன்று படுத்திருந்தது. "ஸ்டூல் இருக்குதுன்னு போடு" என்றார்.

ஸ்டூல் இருக்கிறது என்று போட்டேன். 'உடன் வருவோர் அமர இருக்கை வசதி உண்டு' என்று எழுதியது. அண்ணி தலையாட்டினார். எல்லாம் முடிந்த பிறகு, படிக்க இன்னும் கொஞ்சம் பரிவாக இருக்கட்டும் என்று கேட்டேன். அந்த வாக்கியம் 'மணமகளுடன் வரும் மூத்தோர் இளைப்பாறத் தனி இருக்கை வசதி உண்டு' என்று ஆயிற்று. இதைப் படித்ததும் நான் நிறுத்தி அண்ணியைப் பார்த்தேன்.

"தனி இருக்கைதானே? ஒண்ணுதான இருக்குது. தப்பு இல்ல" என்றார்.

நாங்கள் இரண்டு பேரும் மனச்சாட்சிக்கு விரோதமில்லாமல் கட்டுரையை வெப்சைட் தம்பிக்கு அனுப்பினோம். அவர் அதைத் தன்னிடமிருந்த வேறொரு ஏஐக்குக் கொடுத்து, ஜனங்கள் தேடும் சொற்களை நடுநடுவே செருகச் சொல்லியிருக்கிறார். கடை தேடுகிறவர்கள் ஏசி என்றுதான் அதிகம் தேடுவார்களாம். இது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. கட்டுரை மேலேறிவிட்டது என்று மட்டும் சொன்னார். நாங்கள் திறந்து, மேலே இருந்த படத்தைப் பார்த்தோம், தலைப்பைப் பார்த்தோம், சந்தோஷமாக மூடிவிட்டோம். நானே ஏற்கெனவே எழுதிய ஒன்றை நானே எதற்கு மறுபடி படிக்க வேண்டும்?

ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்னால் ஒரு நாள். நான் மாடியில் ஒரு மாவு மில்லுக்கு விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தேன். கீழே இருந்து அண்ணியின் குரல் வந்தது. வழக்கமான குரல் அல்ல. கொஞ்சம் மரியாதை, கொஞ்சம் பீதி.

"பாப்பா, கொஞ்சம் கீழ வாம்மா. உன் கட்டுரையப் படிச்சிட்டு ஒருத்தர் வந்திருக்காரு."

இறங்கினேன். தெருவில் வேன் நின்றது. திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்திருந்தார்கள். கல்யாணப் பெண், அவள் அம்மா, சித்தி மூவரும் ஏற்கெனவே முன்னறையில் மரச்சட்டத்தைச் சுற்றி நின்று வேலைப்பாட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் போனோடு ஒரு பெரியவர். பெண்ணின் பெரியப்பா. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று பிற்பாடு சொன்னார். எதையும் கடைசி வரி வரைக்கும் படிக்காமல் கையெழுத்துப் போட்டதில்லையாம்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது என்றால் மிகையில்லை. இத்தனை வருடத் தொழிலில் நான் எழுதிய கட்டுரையை முழுதாகப் படித்த ஒரு மனிதரை அன்றுதான் முதன்முதலில் நேரில் பார்த்தேன்.

"முழுசாப் படிச்சீங்களா சார்?"

"ரெண்டு தடவை படிச்சேம்மா" என்றார். "ஓய்வறை எங்கே இருக்குது?"

நான் வருவதற்கு முன்பே இந்தக் கேள்வியை அவர் ஒருமுறை கேட்டு, அண்ணி அதைக் கழிப்பறை என்று புரிந்துகொண்டு பின்பக்கம் அனுப்பிவைத்திருக்கிறார். அவரும் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து நின்றிருக்கிறார்.

"அது கழிப்பறைம்மா. நான் கேக்கறது ஓய்வறை" என்று சொல்லி, எழுத்தைப் பெரிதாக்கி போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

'மணமகளுடன் வரும் மூத்தோர் இளைப்பாறக் குளிரூட்டப்பட்ட தனி ஓய்வறை வசதி உண்டு.'

நான் வாசலைப் பார்த்தேன். ஸ்டூல் இருந்தது. நாயும் இருந்தது.

"கால் வீங்கிக்கினு இருக்குதும்மா. அதான் இவங்ககிட்ட சொன்னேன், வேற கடையெல்லாம் வாணாம், இங்கதான் நம்மள மாதிரி ஆளுங்களப் பத்தி யோசிச்சிருக்காங்கன்னு" என்றார் பெரியப்பா.

இதைக் கேட்ட பிறகு ஸ்டூலைக் காட்ட யாருக்கு மனசு வரும்? அண்ணி என்னைப் பார்த்தார். நான் அண்ணியைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் ஏசி இருப்பது ஒரே ஓர் அறையில். அந்த அறையில் என் அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தான். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை. அந்த வாரம் இரவு ஷிப்ட். பகலில் தூங்க முடியவில்லை என்று சொல்லித்தான் ஏசியே வாங்கினான்.

"உள்ள வாங்க சார்" என்றார் அண்ணி. என் காதருகே, "அவரு எழுந்துக்க மாட்டாரு. இடியே வுழுந்தாலும் தூங்குவாரு. ஓரமா ஒரு சேர் போட்டுடலாம்" என்றார்.

கதவைச் சத்தமில்லாமல் திறந்தோம். அண்ணன் லுங்கியோடு, வாய் திறந்து, கட்டிலின் குறுக்கே கிடந்தான். பெரியப்பா அதைப் பார்த்துத் தயங்கவில்லை. இன்னொரு பெண் வீட்டாரின் பெரியவர் முன்பே வந்து இளைப்பாறிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்திருக்க வேண்டும். நான் போட்ட நாற்காலியில் நிம்மதியாக உட்கார்ந்து, வீங்கிய காலைத் தூக்கிக் கட்டில் விளிம்பில் வைத்துக்கொண்டார். அண்ணி அவருக்குத் தண்ணீர் கொண்டுவரப் போனார். நான் வாசற்படியிலேயே நின்றேன்.

கால் பட்டதோ என்னவோ, இடி விழுந்தாலும் எழாத அண்ணன் கண்ணைத் திறந்தான். எதிரே வெள்ளை வேட்டி.

"யாருங்க?"

"நான் பொண்ணோட பெரியப்பா" என்றார் அவர், சகஜமாக.

அண்ணன் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தான். லுங்கியை இறுக்கிக் கட்டினான். முகத்தில் ரத்தமே இல்லை.

"எல்லாருமே வந்துட்டீங்களா?"

"எல்லாரும் முன்னாடி இருக்காங்க. அவ அம்மா, சித்தி, பொண்ணு."

"பொண்ணுமா?"

"பொண்ணு இல்லாம எப்படிங்க? அவளுக்காகத்தானே இவ்ளோ தூரம் வந்தோம்."

அண்ணன் கட்டிலிலிருந்து இறங்கி நின்று கை கூப்பிவிட்டான். "சார், பையன் இன்னும் படிச்சிக்கினு இருக்கான் சார். கடைசி வருசம். முடிச்சிட்டு வேலைக்குப் போவட்டும் சார்."

"எந்தப் பையன்?"

"எங்க பையன்தான். நான் வாணாம்னு சொல்லவே இல்ல சார். ஃபோட்டோ காட்டுனான், பாத்தேன். நல்ல பொண்ணு. அவங்க வீட்டுக்குத் தெரிஞ்சா நான் வந்து பேசறேன்னுதான் சொல்லி வச்சிருந்தேன். அவன் அம்மாகிட்டதான் இன்னும் சொல்லல. அவ கொஞ்சம் கோவக்காரி. நேரம் பாத்துச் சொல்லலாம்னு..."

நான் கையை ஆட்டிப் பார்த்தேன். கண்ணைக் காட்டினேன். "ணா, ணா" என்றேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. பெரியப்பாவின் வேட்டியையே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தான். என் முதுகுக்குப் பின்னால் சில்வர் சொம்பு கதவில் இடிக்கும் சத்தம் கேட்டது.

"என்கிட்ட இன்னா சொல்லல?" என்றார் அண்ணி.

பெரியப்பா எங்கள் மூன்று பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கணக்கராக இருந்தவர் அல்லவா, கூட்டிப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

"இது உங்க குடும்ப விசயம். நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஏசிய மட்டும் லேசாக் குறைச்சு வைக்கலாமா? காதுல அடிக்குது" என்றார்.

அண்ணி சொம்பை அவர் கையில் கொடுத்தார். ரிமோட்டை எடுத்து ஏசியைக் குறைத்தார். நேராக முன்னறைக்குப் போனார். கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு கல்யாணப் பெண்ணுக்குத் தோள், மார்பு, இடுப்பு, கை என்று அளவெடுத்தார். முதுகில் என்ன வேண்டும், யானையா, மயிலா என்று சிரித்தபடி கேட்டார். முந்தானை நிறத்துக்கு எந்த நூல் சேரும் என்று அந்த அம்மாவுக்குப் பொறுமையாகக் காட்டினார். அவர் எழுதிய அளவில் ஒரு பிசகும் இல்லை.

அண்ணன் அந்த அறையை விட்டு வெளியே வரவே இல்லை. வர பயம். பெரியப்பாவுக்கும் போக அவசரம் இல்லை. நான் டீ கொண்டுபோனபோது அண்ணன் அவரிடம், "எப்படி சார் சொல்லட்டும்?" என்று ஆலோசனை கேட்டுக்கொண்டிருந்தான். "அதான் சொல்லிட்டீங்களே" என்று அவர் பிஸ்கட்டை டீயில் நனைத்தார். போகும்போது அண்ணியிடம், "வசதி நல்லா இருந்ததும்மா. கட்டுரையில போட்டது அப்படியே இருக்குது" என்று பாராட்டிவிட்டு வேனில் ஏறினார்.

சாயங்காலம் ஊசி போடும் பெண்கள் பஸ்ஸுக்குக் கிளம்பியதும் அண்ணி கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினார். அண்ணன் ஹாலில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தான், பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவன் போல. அண்ணி அவனைத் தாண்டி வந்து என் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினார்.

"இதுல பேசனா எழுதிக்குமா?"

"எழுதிக்கும் அண்ணி."

மைக்கை அழுத்திக் கொடுத்தேன். "இந்தாப்பா" என்று ஆரம்பித்தார். "எம்புள்ள ஒரு பொண்ண விரும்புறான். அவங்கப்பாவுக்குத் தெரிஞ்சிருக்குது. எனக்குத் தெரியல. நான் இன்னா பண்ணணும்?"

'இது உங்களுக்கு மிகவும் உணர்ச்சிகரமான தருணம் என்பதைப் புரிந்துகொள்கிறேன்' என்று தொடங்கி, தடித்த எழுத்தில் தலைப்புகளோடு வழிமுறைகள் வந்தன. நான் வழக்கம்போலச் சத்தமாகப் படித்தேன். மனந்திறந்து கேளுங்கள். தீர்ப்பு சொல்லாதீர்கள். உங்களுக்கான நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தேவைப்பட்டால் குடும்ப நல நிபுணரை அணுகுங்கள்.

"நிபுணரா?" அண்ணி முதல் முறையாக அண்ணனைப் பார்த்தார். "அதான் ஒருத்தரு ஃபோட்டோ எல்லாம் பாத்து முடிச்சிட்டு உக்காந்துக்கினு இருக்காரே."

திரையில் கடைசியாக ஒரு வரி இருந்தது. 'இதை உங்கள் மகனுக்கு ஓர் அன்பான கடிதமாக எழுதித் தரட்டுமா?'

"வாணாம்பா" என்றார் அண்ணி, லேப்டாப்பிடமே. "நீ எழுதனா இல்லாததெல்லாம் சேத்துடுவ."

போனை எடுத்து மகனைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். பையன் சென்னையில் இன்ஜினியரிங் படிக்கிறான். எடுத்ததும், "மா, சாப்ட்டியா?" என்றான்.

"யாரு அந்தப் பொண்ணு?"

அந்தப் பக்கம் பஸ் ஹாரன் சத்தம் குறைந்தது, ஓரமாக ஒதுங்கியிருக்கிறான்.

"அப்பா சொல்லிட்டாரா?"

"அவரு எங்க என்கிட்ட சொன்னாரு? ஊருக்கெல்லாம் சொன்னாரு. யாருன்னு கேட்டேன்."

மெதுவாக வந்தது பதில். கூடப் படிக்கிற பெண். நம்ம ஊர்தான். பிள்ளையார்பாளையம். வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அப்பா தறிக்கு வேண்டிய டிசைன்களைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுப்பவர். அண்ணி டேப்பை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டார். சுற்றுவதும் அவிழ்ப்பதும், மறுபடி சுற்றுவதும்.

"நாம யாருன்னு அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?" என்று கேட்டபோது மட்டும் அவர் குரல் இறங்கியது. அவர் கேட்டது சர்ச்சு, கோயிலை மட்டும் அல்ல, சாதியையும் சேர்த்துத்தான் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். அண்ணன் தரையைப் பார்த்தான்.

"தெரியும்மா. மொதல்லயே சொல்லிட்டேன். அவ, 'அதுக்கு இன்னா இப்ப'ன்னா."

"அவங்க அப்பாவுக்கு?"

"தெரியும். ஒரு வாரம் பேசல. இப்ப பேசறாரு."

அண்ணி டேப்பை விரலிலிருந்து அவிழ்த்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். நான் ஏதாவது சொல்லலாமா என்று பார்த்தேன். ஒரு வரியும் வரவில்லை. முடி எண்ணெய்க்கும் மெத்தைக்கும் பக்கம் பக்கமாக எழுதியவள் நான்.

"அந்தப் பொண்ணுக்கு ஜாக்கெட் யாரு தைக்கிறாங்க?" என்றார் அண்ணி.

"என்னம்மா?"

"ஜாக்கெட்டுடா."

"அவ சுடிதார்தாம்மா போடுவா."

"விசேசத்துக்குப் புடவ கட்டுவா இல்ல? பிள்ளையார்பாளையத்துல தைக்கிறவங்கள எனக்குத் தெரியும். கை வளைவே ஒழுங்கா வெட்ட மாட்டாங்க. ஒரு நாள் வரச்சொல்லு. அப்பா அம்மாவோட." சொல்லிவிட்டு போனை வைத்தார். பிறகு அண்ணனைப் பார்த்து, "இன்னிக்கு சோறு நீங்க ஆக்குங்க" என்றார். அண்ணன் அவ்வளவு சந்தோஷமாக அரிசி களைந்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் வெப்சைட் தம்பிக்குப் போன் செய்து அந்த வரியை எடுக்கச் சொன்னேன். "வாணாங்க்கா, இப்பத்தான் பேஜ் மேல ஏறிக்கினு இருக்குது. கைய வைக்காதீங்க" என்றார். அதற்குள் இன்னும் இரண்டு குடும்பத்துப் பெரியவர்கள் ஓய்வறையை விசாரித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அண்ணன் அறையை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு தூங்கப் பழகினான். கடைசியில் அண்ணி ஹாலில் இரண்டு சாய்வு நாற்காலிகள் வாங்கிப் போட்டார். நான் எந்தக் கருவியையும் கேட்காமல், 'மூத்தோர் உட்கார ஹாலில் நாற்காலியும் ஃபேனும் உண்டு' என்று என் கையாலேயே எழுதி, தம்பியிடம் சண்டை போட்டு மாற்றவைத்தேன். மூவாயிரம் வார்த்தைகளில் நானாக எழுதியது அது ஒன்றுதான்.

அந்தப் பெண் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். நாங்கள் அப்போதுதான் சர்ச்சிலிருந்து திரும்பியிருந்தோம், அண்ணி இன்னும் புடவைகூட மாற்றவில்லை. அப்பா, அம்மா, அவள், மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். என் அண்ணன் மகன் முந்தின நாளே வந்திருந்தான். தெருமுனையில் நின்று கைகாட்டியதோடு சரி, பக்கத்தில் வர தைரியமில்லாமல் மாடியில் என் அறையில் உட்கார்ந்துகொண்டான். ஜாக்கெட் தைக்க வந்ததாகத்தான் பேச்சு. அந்தப் பேச்சை இரண்டு பக்கமும் கடைசிவரை காப்பாற்றினார்கள். அந்த அம்மா ஒரு மாம்பழ நிறப் பட்டை எடுத்து மேசையில் விரித்தார். அண்ணன் அவள் அப்பாவை ஹாலில் உட்காரவைத்தான். மின்சாரம் எந்தெந்த நேரத்தில் போகிறது என்று பேச ஆரம்பித்து, எங்கள் தெருவையும் அவர்கள் தெருவையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அண்ணி முன்னறைத் திரையை இழுத்துவிட்டு அந்தப் பெண்ணுக்கு அளவெடுத்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் ஆயிற்று. உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒருமுறை சிரிப்புச் சத்தம் கேட்டது, அது அந்தப் பெண்ணுடையது. நானும் அவள் அம்மாவும் திரைக்கு வெளியே அந்தப் பட்டின் கரையைப் பற்றிச் சொன்னதையே திரும்பச் சொல்லிக்கொண்டு நின்றோம்.

கடைசியில் அண்ணி திரையை விலக்கிக்கொண்டு வந்தார். காதில் பென்சில், கழுத்தில் டேப். எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தோம். படிக்கட்டில் யாரோ இரண்டு படி இறங்கி நின்ற சத்தம் கேட்டது.

"எடது தோளு கொஞ்சம் எறக்கம்" என்றார் அண்ணி, அந்த அம்மாவைப் பார்த்து. "பரவால்லமா. தைக்கும்போது நான் சரி பண்ணிக்கிறேன்."